ஏழாம் வயலுக்குச் சொல்ல வேண்டியது

உங்கள் உப்புச் சாக்கு நனைகிறது, அம்மா. இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். இந்த ஓடத்தில் இடது பக்கம்தான் தண்ணீர் ஏறும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே ஓடத்தில் இதற்கு முன் இரண்டு தடவை வந்திருக்கிறேன். போன ஆடியில் ஒரு தடவை, அதற்கு முந்தின ஆடியில் ஒரு தடவை. இரண்டு தடவையும் ஒன்பதுமடைத் துறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருந்துவிட்டேன். அடுத்த துறையில் இறங்கி, திரும்புகிற ஓடத்தைப் பிடித்துப் பட்டினத்துக்கே போய்விட்டேன். ஓடக்காரருக்கு என்னைத் தெரியும். அதோ, பார்க்கிறார் பாருங்கள். ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டாலாவது தேவலை.

நான் பொதுவாக யாரிடமும் பேசுகிறவள் இல்லை. சந்தையில் முற்றின கத்தரிக்காயை எடுத்துப் போட்டால்கூட வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வருகிறவள். இன்றைக்கு என்னவோ உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததும் பேச வேண்டும் போலிருக்கிறது. பயப்படாதீர்கள், பெரிய கதை இல்லை. சொல்ல வேண்டியது ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் போகத்தான் இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது.

இயக்கர்களுக்கு நீங்கள் உப்பு விற்றிருக்கிறீர்களா? துறையோடு சரியா? உள்ளே போனதில்லையா? அப்படியென்றால் நீங்களும் எல்லாரும் சொல்வதைத்தான் கேட்டிருப்பீர்கள். உடம்பு நிலா மாதிரி மின்னும், குழல் ஊதினால் பயிர் வளரும் என்றெல்லாம். அதெல்லாம் ஒன்றும் இல்லை, அம்மா. காது மட்டும் நுனி கூராக இருக்கும். பனிக்காலத்தில் அந்த நுனி சிவந்து போகும், பார்க்கப் பாவமாக இருக்கும். மற்றபடி முழங்கால் வரை சேறு, நம்மைப் போலத்தான். முந்நூறு, நானூறு வருஷம் இருக்கிறார்கள் என்பது மட்டும் நிஜம்.

அதனால்தான் அவர்களால் நெடுநெல் போட முடிகிறது. விதைத்தால் பன்னிரண்டாம் வருஷம் அறுப்பு. நாம் அதைப் போட்டால் அறுக்க நம் பிள்ளைகள்தான் வர வேண்டும். ஒன்பதுமடைப் பண்ணையில் பன்னிரண்டு வயல், பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு வயல். ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு வயதில் நிற்கும். முதல் வயல் இந்த வருஷத்து நாற்று, பன்னிரண்டாம் வயல் அறுப்புக்கு நிற்பது. அறுத்த வயல் மறு வருஷம் முதல் வயல் ஆகிவிடும். அப்படியே சுற்றிக்கொண்டு வரும். பட்டினத்தில் நான் படித்த வேளாண் கல்லூரியிலிருந்து என்னை ஒரு பருவத்துக்கு அங்கே அனுப்பினார்கள். அவர்கள் எப்படிப் பயிர் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். என் ஆசிரியர் கொடுத்த கடிதத்தில், "அலரி கூச்ச சுபாவம் உள்ளவள், ஆனால் எதையும் கூர்ந்து பார்ப்பவள்" என்று எழுதியிருந்தார். இரண்டாவது பாதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

என்னை வாகையோடு சேர்த்துவிட்டார்கள். பார்த்தால் என்னைவிட நாலு வயது மூத்தவள் மாதிரி இருந்தாள். அக்கா என்று கூப்பிட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்காவா? எனக்கு நூத்திப் பதினேழு நடக்குது, பிள்ளை. உங்க ஆத்தாளைப் பெத்தவளுக்கே நான் மூத்தவ."

"அப்ப எப்படிக் கூப்பிடறதுங்க?"

"அக்கான்னே கூப்பிடு. கேக்க நல்லாத்தான் இருக்கு."

நல்லவள். நான் சாப்பிடும்போது என் பக்கம் பார்க்கமாட்டாள். யாராவது பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

எனக்கு அங்கே பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம். பொழுது சாய்ந்ததும் பன்னிரண்டு பேரும் நடு வரப்பில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவராக அன்றைக்குத் தான் செய்த தப்பைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மனுஷர்களிடம் இல்லை, வயலிடம். முதல் நாள் இலவன் என்று ஒருத்தன், எப்போதும் கேலி பேசுகிறவன், அவன்கூட முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னான். "நாலாம் வயலே, மூணாம் மடையைத் தொறக்க மறந்துட்டேன். உனக்குத் தண்ணி பிந்திப் போச்சு. தப்பு என்னுது." அப்புறம் பண்ணையின் தலைவர் கடம்பர். முந்நூற்று நாற்பது வயது. "எட்டாம் வயலே, கோவத்துல எருமையை அடிச்சேன். அது ஓடி உன் வரப்பை மிதிச்சிடுச்சு. தப்பு என்னுது." யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கடைசியில் கடம்பர் "சொல்லியாச்சு" என்பார். எல்லாரும் கஞ்சி குடிக்கப் போவார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தத் தப்பை ஆயுசுக்கும் யாரும் எடுக்கமாட்டார்கள்.

தன் தப்பைத்தான் சொல்லலாம். அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாது. ஒரு வயலுக்குச் செய்த தப்பு சொல்லப்படாமல் இருந்தால் அந்த வயலில் யாரும் கால் வைக்கக் கூடாது. உழவோ நடவோ ஒன்றும் கிடையாது. அது அவர்கள் வழக்கம்.

நானும் வரிசையில் நிற்க வேண்டும். களைக்கொட்டைக் கழுவாமல் வைத்தேன் என்று ஏதாவது சின்னதாகச் சொல்வேன். குரலே வராது. இலவன் சொல்வான், "பிள்ளை, வயலுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாச் சொல்லு." எல்லாரும் சிரிப்பார்கள். நல்ல சிரிப்புதான், குத்தல் இல்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே அன்றைய சாயங்காலம் என்ன சொல்வது என்று முணுமுணுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

இன்னொன்று, அவர்கள் பாராட்டமாட்டார்கள். ஒரு வேலை சரியாக நடந்தால் அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். இரண்டு மாதம் வேலை செய்தேன், அம்மா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லாச் செஞ்சே பிள்ளை என்று யாராவது சொல்லியிருந்தால். சரி, விடுங்கள். அது ஒரு சாக்கு.

ஏழாம் வயல் வாகையுடையது. வாகைக்கு அம்மா இருந்தாள், ஆவிரை என்று பேர். படுத்த படுக்கை. போகிற காலம் வந்துவிட்டது. ஆனால் இயக்கர்கள், தங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை நட்டு அறுத்த நெடுநெல்லில் ஒரு பிடி சோறு தின்றுவிட்டுத்தான் போவார்கள். அது கிடைக்கும் வரை உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களால் முடியும். சுகமாக இல்லை, வலியோடுதான். வாகை முதல் தடவையாகத் தன் கையால் நட்ட வயல் அது. அறுப்புக்கு இன்னும் ஐந்து வருஷம். ஆவிரை அந்த ஐந்து வருஷத்துக்காகப் படுத்திருந்தாள்.

ஒரு நாள் மலைக்கு மேலே தலைமடையில் மண் அடைத்துவிட்டது என்று எல்லாரும் விடியற்காலையிலேயே கிளம்பிப் போனார்கள். எனக்குக் காலில் கொப்புளம். ஆவிரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எதிரே ஏழாம் வயல். மற்ற வயல்களில் எல்லாம் பச்சை. ஏழாம் வயலில் மட்டும் கருகின தாள், முழங்கால் உயரத்துக்கு. தொட்டால் பொடிகிறது. பல நாளாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாகைக்கு அம்மாவைப் பார்க்கவே நேரம் போதவில்லை, பயிர் பட்டுப்போய்விட்டது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கூச்சம்தான் எனக்குத் தெரிந்த விஷயம் ஆயிற்றே. பட்ட தாளை விட்டுவைத்தால் துளைப்பான் புழு வரும், வேரோடு எடுத்துவிட வேண்டும் என்று இரண்டாம் வருஷப் பாடத்திலேயே படித்திருக்கிறேன். நாமே எடுத்துச் சுத்தம் செய்து வைப்போம், அவள் கேட்காமலே செய்வோம், வந்து பார்த்து அசந்து போவாள் என்று இறங்கினேன்.

உள்ளே ஆவிரை விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். பத்தடி தூரம். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மகளின் பயிர் பட்டுப்போனதை அம்மாவிடம் போய்க் கேட்பதா என்று நான் கேட்கவில்லை.

நெடுநெல் ஏழாம் வருஷம் தூங்குமாம், அம்மா. மேலே தாள் கருகிவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் ஒரு வருஷம் முழுக்க உறங்கும். எட்டாம் வருஷம் மழைக்கு மறுபடி துளிர்க்கும். இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு அது, ராத்திரி இருட்டும் என்பது மாதிரி. அதை ஒருத்தருக்குச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

மத்தியானத்துக்குள் வயல் சுத்தமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஆற்றில் போட்டேன். மண்ணைத் தட்டிச் சமன் செய்தேன். அவர்கள் வரும்போது கைகாலைக் கழுவிவிட்டு ஆவிரைக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

வாகைதான் முதலில் பார்த்தாள். வரப்பில் அப்படியே உட்கார்ந்தாள். அப்புறம், "வேர் எங்க? வேர் ஈரமா இருந்தா இன்னைக்கே திரும்ப ஊணிடலாம். வேர் எங்க கெடக்கு, பாருங்க" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பன்னி வந்துச்சுக்கா. காட்டுப் பன்னி. நான் உள்ள இருந்தேன்."

இலவன் குனிந்து மண்ணைப் பார்த்தான். "பன்னி மண்ணைத் தட்டிச் சமன் பண்ணிட்டுப் போயிருக்கு. நல்ல வளர்ப்பு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, நம்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வரப்பில் வாகை சொன்னாள். "ஏழாம் வயலே, நீ தூங்குறேன்னு நான் சொல்லி வைக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது." பன்றியிடம் எப்படிச் சொல்லி வைப்பது என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. இயக்கர்கள் மிருகங்களோடு பேசுவார்கள் என்று சொல்வார்களே, அப்படி ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் முறை வந்தது. கொப்புளத்துக்கு மருந்து போட மறந்தேன் என்றேன்.

கடம்பர் "சொல்லியாச்சு" என்று சொல்லவில்லை. சும்மா நின்றார். எல்லாரும் நின்றார்கள். இருட்டி, பூச்சிகள் கத்த ஆரம்பித்து, கஞ்சி ஆறிப்போய், அப்புறம்தான் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நான் அங்கே இருந்த கடைசி நாற்பது நாளும் அப்படியே. எனக்குக் கால் கடுக்கும். இந்த ஜனங்கள் எல்லாவற்றிலும் மெதுவு என்று நினைத்துக்கொள்வேன்.

ஏழாம் வயலில் யாரும் இறங்கவில்லை. வாகைதான் சொல்லிவிட்டாளே, அது போதாதா, நட வேண்டியதுதானே என்று எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது அவள் தப்பை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பொருமினேன்.

நான் படுக்கிற அறைக்கும் ஆவிரை படுத்திருந்த அறைக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். தினமும் காலையில் காதில் விழும்.

"நட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"பன்னெண்டு வருஷம்தானே, இழுத்துப் பிடிச்சுக்குவேன். நீ நட்டுடு."

"சரிம்மா."

"நாளைக்கு நடுவியா?"

"பாக்கலாம்மா."

நாற்பது காலை, அம்மா.

பருவம் முடிந்து கிளம்பின அன்றைக்குக் கடம்பர் துறை வரை வந்தார். அவர் யாரையும் வழியனுப்ப வருகிறவர் இல்லை. "சொல்ல ஏதாச்சும் இருக்கா, பிள்ளை?" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றேன். அவர், "சரி" என்றார். வாகை ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். "ஓடம் வருஷம் பூரா ஓடுது. எப்ப வேணா வா" என்றாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்லூரியில் என் அறிக்கை நன்றாக இருக்கிறது என்றார்கள். அதில் காட்டுப் பன்றிச் சேதம் என்று ஒரு தனி அத்தியாயம் எழுதினேன். எழுதாமல் எப்படி விடுவது? அங்கே சொன்னது ஒன்று, இங்கே எழுதுவது ஒன்றா? என் ஆசிரியருக்கு அந்த அத்தியாயம்தான் ரொம்பப் பிடித்தது. இப்போது முதலாண்டு மாணவர்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்த ஓடக்காரரிடம்தான் கேட்டுக்கொள்வேன். ஏழாம் வயல் எப்படி இருக்கிறது என்று, சும்மா கேட்பது மாதிரி. "தரிசாத்தான் கெடக்கு" என்பார். பயிர் இல்லாததால் அதற்கு வயது ஏறவில்லை, இன்னும் ஏழாம் வயல்தான். அந்த அம்மா? "இருக்காங்க." மூன்று வருஷம் ஆகிவிட்டது. மூன்று வருஷம் அவர்களுக்கு மூன்று நாள் மாதிரி என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். நானூறு வருஷம் இருக்கிறவர்களுக்கு மூன்று வருஷம் ஒரு கணக்கா? ஆனால் அந்த மூங்கில் தட்டிக்கு அப்பால் கேட்ட குரல் அப்படி இல்லை, அம்மா. நம் வீட்டில் நோயாளி விடியுமா விடியுமா என்று கேட்கிற குரல் மாதிரியேதான் இருந்தது.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், தெரியாமல் செய்ததுதானே, இறங்கிப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே. நீங்கள் சொல்வது சரி. இதே ஓடத்தில் இரண்டு தடவையும் அந்த வரியைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். ஏழாம் வயலே, தெரியாமல் பிடுங்கிவிட்டேன், தப்பு என்னுது. துறை வந்ததும் அந்த வரி என்னை எழுந்திருக்க விடவில்லை.

உங்களிடம் ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னேன்.

முதல் ஐந்தாறு தூர் பொசுக்கென்று வந்துவிட்டது. மேல் தாள் மட்டும் ஒடிந்து வந்தது. அப்புறம் கையை மண்ணுக்குள் விட்டு அடியோடு இழுத்தேன். பத்தாவது தூராக இருக்கும். வேர் வெள்ளை வெளேரென்று வந்தது. ஈரம். நகம் பட்ட இடத்தில் பால் துளிர்த்தது. முகர்ந்து பார்த்தேன். பச்சை இஞ்சி மாதிரி ஒரு வாசனை. பட்ட வேருக்கு வாசனை இருக்காது. கருத்து, நூல் நூலாகப் பிரியும். அது எனக்குத் தெரியும். அதுவும் இரண்டாம் வருஷப் பாடம்தான்.

பத்தாவது தூரில் தெரிந்துவிட்டது, அம்மா. வயல் முழுக்க முந்நூறு, நானூறு தூர் இருக்கும். அதுவரை வந்த வேர்களைத் திரும்ப ஊன்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சாயங்காலம் வரப்பில் நின்று பத்துத் தூரைப் பிடுங்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன். இலவன் சத்தமாகச் சொல்லு என்பானே என்று நினைத்தேன். பத்துத் தூர் போயிருந்தால் ஒரு ஆள் செய்தது என்று தெரியும். முழு வயலும் போயிருந்தால் பன்றி என்று சொல்லலாம். உட்கார்ந்த இடத்தில், கையில் அந்த வேரை வைத்துக்கொண்டே, இதைத் தெளிவாக யோசித்தேன். அப்புறம் மீதியைப் பிடுங்கினேன். ஒன்றொன்றாக. ஒவ்வொன்றும் பால் விட்டது. மத்தியானம் வரை.

வேர் எங்கே என்று வாகை கேட்டபோது நான் சொல்லாததற்குக் காரணம் அதுதான். வேரைப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது என்பது தெரிந்துவிடும்.

இதுவரை இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. என் குரலில் இது எப்படிக் கேட்கும் என்று எனக்கே தெரியாது. நல்ல வேளை, உங்களுக்கு நான் யாரோ.

அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்காதா என்கிறீர்களா? தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்களா? ஒரு வார்த்தை திட்டியிருக்கமாட்டார்களா? அதனால்தான் எனக்குப் பயம். இத்தனை பிரியமாக இருந்தவர்கள், திடீரென்று கேட்டால் எப்படித் தாங்குவார்கள்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

திருப்பம் வந்துவிட்டதா? ஆமாம், அந்த நாவல் மரம் தாண்டினால் ஒன்பதுமடை. பொழுதும் சாய்ந்துவிட்டது. வரப்பில் நிற்பார்கள் இப்போது. இங்கேயிருந்தே தெரியும். அதோ, பார்த்தீர்களா? அந்த உயரமானவர் கடம்பர். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் இலவன். வாகை எங்கே? அதோ, குனிந்துகொண்டு இருக்கிறாளே, அவள்தான். கீழே என்ன வைத்திருக்கிறாள்? கட்டிலா அது?

கட்டில்தான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து வரப்பில் போட்டிருக்கிறார்கள்.

ஏன் எல்லாரும் வயலைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்?

ஓடக்காரரே. ஓடக்காரரே, இவர்கள் இன்றைக்குத்தான் இப்படி நிற்கிறார்களா?

தினமுமா?

எந்த ஓடம் வந்தாலுமா? போன ஆடியிலுமா? நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேனே, அப்போதுமா?

அப்படியென்றால் அந்தப் பன்றியை யாருமே…

இல்லை, அம்மா, எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம். என்னை எனக்குத் தெரியும், இன்னும் பத்துத் துடுப்புப் போட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். உங்கள் காலடியில் இருக்கிறதே, அது என் மூட்டை. மாற்றுப் புடவை, புத்தகம், எல்லாம் அதில்தான். கரை தட்டின உடனே, என்னைக் கேட்காமல், அதை எடுத்து மேலே எறிந்துவிடுங்கள். நல்ல வீச்சாக எறியுங்கள், ஓடத்திலிருந்து எட்டி எடுக்க முடியாதபடி.

கொஞ்சம் சத்தமாகவே எறியுங்கள். அவர்களுக்குக் கேட்கட்டும்.